பேய்களுக்கு இசைத்த பண்

சீன ஆண்டின் ஏழாம் திங்களில் ஸ்ரீ கெம்பாங்கான் போன்ற ஊர்களில் இரவில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். திறந்த வெளியில் மேடை எழுந்திருக்கும், விளக்குகள் ஒளிரும், பாட்டும் கூத்தும் நிகழும். ஆயினும் முன்வரிசை நாற்காலிகளில் ஒருவரும் அமரார். அவை அத்திங்களில் மண்ணுலகுக்கு வந்து செல்வதாக நம்பப்படும் இறந்தோர்க்கு உரியவை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமமாகத் தோன்றிய இவ்வூரில், சீன மக்களோடு அண்டை அயலாராய் வாழும் தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று.

இதே வட்டாரத்து இளைஞர் சிலர் இப்பொழுது அக்டோபர் 31ஆம் நாள் இரவில் பேய்வேட விருந்தும் நடத்துகின்றனர். அவ்விருந்துக்கு எவ்விசை பொருந்தும் என்று மாணவர் வினவினால், திரைப்படத்து அலறலையும் கதவு கிரீச்சிடும் ஓசையையும் தவிரக் காட்டுதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை என்று கருதும் ஆசிரியர் உளர். அக்கருத்துப் பிழையானது. பேய்க்கு எவ்விசை என்பதைத் தமிழர் நெடுங்காலமாக எண்ணித் தேர்ந்துள்ளனர். அத்தேர்வு மூவகைப்பட்டது: ஒன்று காவல், மற்றொன்று விருந்து, பிறிதொன்று கூத்து.

முதலில் காவலைக் காண்போம். புறநானூற்றின் 281ஆம் பாட்டு அரிசில்கிழார் பாடியது. போரில் விழுப்புண்பட்ட தலைவன் வீட்டில் கிடக்கிறான். புண்பட்டவனைப் பேய் தீண்டும் என்பது அக்கால நம்பிக்கை. எனவே அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். இரவ இலையும் வேப்பிலையும் மனையிற் செருகப்படுகின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, நறும்புகை எழுகிறது. யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன, ஆம்பற்குழல் ஊதப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சி பாடப்படுகிறது. காஞ்சி என்பதனை ஈண்டுப் பண் எனக் கொள்வர் உரைகாரர். 296ஆம் பாட்டிலும் வேம்பும் காஞ்சியும் கடுகுப் புகையும் உடன் வருகின்றன.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டுவது யாதெனின், பேயை விரட்டுதற்கு இவர்கள் பேரிரைச்சலைத் தேர்ந்தார்களல்லர் என்பதே. யாழும் குழலும் நோயாளியின் செவிக்கு இதமானவை. பேய் அஞ்சவேண்டும், புண்பட்டவன் அமைதி பெறவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் இசையே வேண்டப்பட்டது. புண்ணுற்ற கணவனைப் பேய் நெருங்காமல் மனைவி காக்கும் துறையைத் தொடாக்காஞ்சி என்று தொல்காப்பியம் குறிக்கிறது. காப்பார் ஒருவரும் இல்லாதவனைப் பேயே காத்து நிற்கும் துறையையும் அந்நூலே கூறுகிறது. பேயைக் கொடியது என்று மட்டும் முன்னோர் கருதவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அடுத்தது விருந்து. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில், முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றபின் களத்திலே பேய்கள் கூழ் சமைக்கின்றன. பற்களே அரிசி, முரசுகளே உரல், யானைக் கொம்புகளே உலக்கை. குருட்டுப் பேய், செவிட்டுப் பேய், ஊமைப் பேய் என ஒவ்வொன்றுக்கும் உணவு படைக்கப்படுகிறது. தமிழிலக்கியத்தில் இதனினும் பெரிய பேய்விருந்து இல்லை எனலாம்.

அவ்விருந்தில் பேய்கள் பாடுவது என்ன? நெற்குற்றும் மகளிர் உலக்கை ஏறி இறங்கும் தாளத்திற்கு இசையப் பாடும் வள்ளைப்பாட்டையே அவை பாடுகின்றன. நம் வீட்டு முற்றத்தில் கேட்ட பாட்டு பிணக்களத்தில் கேட்கிறது. பழகிய இசை பழகாத இடத்தில் ஒலிக்கும்போது நகையும் அச்சமும் ஒருங்கே பிறக்கின்றன. செயங்கொண்டார் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தார்.

மூன்றாவது கூத்து. தம்மையே பேய் என்று கூறிக்கொண்ட காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டின் மீது இரு பதிகங்கள் பாடினார். சுடுகாடும் பேய்களும் நரிகளும் நிறைந்த பாடல்கள் அவை. அவற்றுள் ஒரு பாட்டில் துத்தம், கைக்கிளை, விளரி முதலிய சுரங்களை வரிசைப்படுத்தி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை எனக் கருவிகளை அடுக்குகிறார். வீணைக்கு ஒரு மதிப்பும் தோற்கருவிக்கு ஒரு மதிப்பும் அங்கு இல்லை. பறை முதலிய கருவிகளைச் சாவுக்குரியவை என்று ஒதுக்குவோர் இப்பாட்டை ஒருமுறை ஓதுதல் நன்று.

இப்பதிகங்களின் பண்களும் எண்ணத்தக்கன. முதலாவதற்கு நட்டபாடை, இரண்டாவதற்கு இந்தளம். சம்பந்தர் சீகாழியிற் பாடிய முதற்பதிகமும் நட்டபாடையே. ஓதுவார் மரபில் நட்டபாடை கம்பீர நாட்டையாகப் பாடப்பெறுகிறது. கோயில் உலாவின் தொடக்கத்தில் நாகசுரம் முழக்கும் மல்லாரியும் அவ்விராகமே. இந்தளத்திற்கு மாயாமாளவகௌளையைக் கூறுவர். இசை பயிலும் சிறார் முதன்முதற் பாடும் வரிசைகள் அமைந்த இராகம் அது. பண்டைப் பண்ணும் இன்றைய இராகமும் முற்றும் ஒன்றே எனத் துணிதல் அரிதாயினும், சுடுகாட்டுக்கென அமங்கலமான தனிப்பண் ஒன்றை மரபு ஒதுக்கி வைக்கவில்லை என்பது தெளிவு.

மேலைநாட்டார் வேறு வழி சென்றனர். பிரெஞ்சு இசையறிஞர் சேன் சான்ஸ் 1874இல் இயற்றிய எலும்புக்கூட்டு நடன இசையில், வயலினின் மேல்தந்தியை அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டச் செய்தார். இணங்காத அவ்விரு சுரங்களும் சேர்ந்து ஒலிக்கையில் செவி துணுக்குறுகிறது. எலும்பு மோதும் ஒலிக்கு மரச்சட்டங்களை அடித்து இசைக்கும் கருவியைக் கொண்டார். அதுவும் அறிவுசான்ற தேர்வே. ஆனால் அச்சம் இணங்காச் சுரத்திலிருந்துதான் பிறக்கவேண்டும் என்பதில்லை. 1966இல் வெளிவந்த ‘யார் நீ’ திரைப்படத்தில், வேதாவின் இசையில் பி. சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ பாட்டில் அலறல் இல்லை. இனிய குரல் மெல்ல வருகிறது. அந்த இனிமையே நம்மை நடுங்கச் செய்கிறது. இந்தியிலிருந்து வந்த மெட்டாயினும், பழகிய இனிமையை இருளில் நிறுத்தும் முறை பரணிப் புலவர் அறிந்த முறையே.

ஆதலின், வினவும் மாணவர்க்கு ஆசிரியர் விடை கூறலாம். அம்மையார் பதிகம் வழிபாட்டுக்கு உரியது. அதனை வேடிக்கை விருந்துக்கு இழுத்தல் தகாது. ஆனால் அது காட்டும் முறையைக் கற்கலாம். வள்ளைப்பாட்டின் தாளத்தில் ஒரு நாட்டுப்பாடல், தணிந்த ஒரு குழலோசை, இடையிடையே உடுக்கை ஒலி ஆகியவை போதும். அதற்கும் முன்பு ஒரு கேள்வியை மாணவரிடம் கேட்கவேண்டும்: வரும் பேயை நீங்கள் விரட்டுகிறீர்களா, உண்ண அழைக்கிறீர்களா, அதனோடு ஆடுகிறீர்களா?

இக்கேள்விக்கு ஸ்ரீ கெம்பாங்கான் மேடையின் முன்வரிசை தன் விடையைக் கூறிவிட்டது. அங்கே இறந்தோர் விருந்தினர். நல்ல இசை அவர்க்கு முதலில். விருந்தோம்பலை அறமெனக் கொண்ட நமக்கு அவ்விடை அயலானதன்று.