கணினியும் தமிழ் வகுப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

கற்றல் கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பத்தின் பங்கினை ஆராய்வோர் பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையையே கணக்கிடுகின்றனர். அக்கருவிகள் எம்மொழியில் பாடம் சொல்லின என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மலேசியத் தமிழ்க் கல்வியின் அண்மை வரலாற்றை நாம் இவ்வினாவின் வழி நோக்குவோம்.

தமிழ், கணினிக்குப் பிந்தி வந்த மொழியன்று. முத்து நெடுமாறனின் ‘முரசு’ மென்பொருள் 1980களிலேயே மலேசியாவில் தோன்றியது. 1997-இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2001-இல் கோலாலம்பூரில் கூடியது. ஆயினும் அந்நாளில் எழுத்துருதோறும் குறியீட்டு முறை வேறுபட்டிருந்தது. ஓர் ஆசிரியர் தட்டெழுதிய பயிற்சித்தாள், அவ்வெழுத்துரு இல்லாத பிறிதொரு கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது. எனவே ஆசிரியர்தம் உழைப்பு பெரும்பாலும் அவரவர் பள்ளிக்குள்ளேயே நின்றுவிட்டது.

இதே காலத்தில் அரசின் திட்டங்களும் விரைந்தன. 1999-இல் சில பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டம் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. அதற்குரிய கணினிவழிப் பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கிற்கே உருவாக்கப்பெற்றன. 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. இதன்பொருட்டு மடிக்கணினிகளும் புரொஜெக்டர்களும் ஆங்கிலப் பாடக் குறுவட்டுகளும் வழங்கப்பெற்றன. வகுப்பறைக்குள் கருவியைக் கொணர்ந்த அதே கொள்கையே அவ்விரு பாடங்களிலிருந்து தமிழை விலக்கிற்று. 2009-இல் அரசு இக்கொள்கையைக் கைவிட முடிவு செய்தது. எனினும், 2016-இல் அறிமுகமான இருமொழித் திட்டம் இவ்வினாவை மீண்டும் எழுப்பியது.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் தாம் தமிழில் ஆக்கிய பாடங்களைக் கைப்பேசி வழியே மாணவர்க்கு அனுப்பினர். 1990களில் இயலாதது அன்று இயன்றமைக்கு, யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறை இடைக்காலத்தில் பரவியிருந்தமையே அடிப்படைக் காரணமாகும். கருவி எல்லார்க்கும் பொதுவாயினும், எழுத்து பொதுவானபோதுதான் பாடமும் பொதுவாயிற்று.

இவ்வரலாறு நமக்கு ஒரு கடமையை உணர்த்துகிறது. பழைய எழுத்துருக்களில் ஆக்கப்பெற்ற பாடங்கள் நெகிழ்தட்டுகளிலும் குறுவட்டுகளிலும் முடங்கியிருக்கலாம். அவற்றை உருவாக்கிய ஆசிரியர்கள் நம்மிடையே உள்ள காலத்திலேயே அவற்றைத் திரட்டி யூனிகோடுக்கு மாற்றுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளின், ஒரு தலைமுறை ஆசிரியர்களின் உழைப்பு அழியாது காக்கப்படும்.