எல்லைப் பள்ளிக்கூடங்களும் பழைய மடிக்கணினிகளும்

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்ததும், இங்கே நண்பர்கள் சிலர் நல்லா ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் டீச்சராக இருக்கும் சித்தி மகளிடம் சொன்னேன். "இதுக்கா தூக்கிப் போடறீங்கண்ணா?" என்று சிரித்தாள்.

சிரிக்கக் காரணம் உண்டு. கேரள அரசு 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளில் விண்டோஸ்தான். கட்டற்ற மென்பொருள் ஆட்கள் விடாமல் குரல் கொடுக்க, மெல்ல மெல்ல லினக்ஸ் வந்தது. 2008 வாக்கில் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே முழுக்க லினக்ஸில் என்றானது. 2017-இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு 18.04-க்கான பொது ஆதரவு 2023-இல் நின்றது. 2024-இல் கைட் தன் 22.04 பதிப்பை வெளியிட்டது. உரிமக் கட்டணம் கிடையாது. பென் டிரைவில் போட்டு டீச்சர்களே நிறுவிக்கொள்கிறார்கள்.

நிற்க. எல்லாப் பழசும் பிழைக்காது. 32 பிட் கணினிகளுக்கான டெஸ்க்டாப் நிறுவல் வட்டை உபுண்டு 17.10-லேயே நிறுத்திவிட்டது.

1956-இல் மாநில எல்லை பிரித்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு எல்லாம் கேரளத்தில் நின்றன. தமிழ்வழிப் பிள்ளைகள் அங்கே சிறுபான்மை. தனியாகக் காசு கொடுத்துத் தமிழ் மென்பொருள் வாங்கித் தருவார்களா என்ன? உபுண்டுவில் தமிழ் மெனு கூடவே வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் உடையாமல் தெரிய சிடியைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"கோப்பை எல்லாம் முதல்ல நகல் எடுத்து வெச்சுக்குங்கண்ணா" என்றாள் அவள்.