பல் மருத்துவ சீட்டும் உயிரியல் கைடும்

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவும் நீட் தேர்வும் மே மாதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. முல்லையாற்றங்கரையில் தீச்சட்டிக் கூட்டம் திரளும்போது, பி.டி.எஸ். சீட்டுக்குக் குறிவைத்த பிள்ளைகள் உயிரியல் புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். எந்தப் புத்தகம் என்பதுதான் தேர்வுக்குத் தேர்வு மாறிவந்திருக்கிறது.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகியவர்கள் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகினார்கள். வினாத் தொகுப்புகள் பெருகின. உள்ளூரில் கிடைக்காததை மதுரை புதுமண்டபத்தில் தேடினார்கள். தூண் சிற்பங்களுக்கு நடுவே பாடநூலும் கைடும் அடுக்கி விற்ற இடம் அது.

2007-இல் நுழைவுத் தேர்வு போனது. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம்: கட்-ஆஃப் 200, அதில் உயிரியலுக்கு மட்டும் 100. ‘புக் பேக்’ வினாக்களுக்கு வரி பிசகாமல் விடை தந்த கைடே நல்ல கைடு. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தை ஓட்டின. அந்தக் கைடுகளை இன்று குறை சொல்வது எளிது. தேர்வு கேட்டதைத்தான் அவை கொடுத்தன.

2017-இல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்ததும் கணக்கு புரண்டது. 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். கைவிட்ட பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்விகள். எல்லாரும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் கைகாட்டினார்கள். அது தமிழில் இல்லையே! தமிழ்வழி மாணவர்களுக்கு மாநிலப் பாடநூலும் கைடுக்காரர்களின் மொழிபெயர்ப்புமே கதி. 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி என்பது தேர்வு விதி. ஆகவே கலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லையும் அச்சிட்ட புத்தகத்தைத் தமிழ்வழி மாணவர் எடுப்பது உத்தமம். 2018-19 முதல் வந்த புதிய மாநிலப் பாடநூல்கள் இந்த வகையில் பழையவற்றைவிட எவ்வளவோ மேல்.

பழைய கைடை அரை விலைக்கு வாங்குவோர் அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும். 2024 தேர்வுக்காகப் பாடத்திட்டம் குறைக்கப்பட்டபோது, மனிதப் பற்களின் அமைப்பும் பல் சூத்திரமும் வரும் செரிமானப் பாடமே நீக்கப்பட்டது. பல் மருத்துவத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வில்! மாநில பிளஸ் ஒன் விலங்கியல் நூலில் அந்தப் பாடம் இருக்கிறது. பள்ளித் தேர்வுக்காக எப்படியும் படித்துவிடுவார்கள்.