குசு வரி: ஒரு நாட்டையே டிராக்டர் ஏற வைத்த வாயு

சிரிக்காமல் படியுங்கள் நண்பர்களே! மாடு விடும் வாயுவுக்கு வரி போடப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அதுதான் நியூசிலாந்து.

முதலில் கொஞ்சம் அறிவியல். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. அப்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. ஒரு மாடு ஒரு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் வரை வெளியேற்றுமாம்! அதில் பெரும்பகுதி பின்பக்கமாக அல்ல, ஏப்பமாக வாய் வழியே போகிறது. கோழிக்கு இந்த இரைப்பை கிடையாது. குடலின் கடைசியில் இரண்டு சிறு பைகளில் மட்டும் கொஞ்சம் நொதித்தல் நடக்கும். அதனால் கோழியின் மீத்தேன் கணக்கு மிகச் சிறியது. வரிக்காரர்கள் கோழியைத் தேடி வராததற்குக் காரணம் இதுதான் :)

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1997ல் உருவான கியோட்டோ ஒப்பந்தத்தை நியூசிலாந்து 2002 டிசம்பரில் உறுதி செய்தது. அந்த நாட்டின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருவது. மீத்தேனைக் குறைக்கும் வழியை ஆராய, கால்நடை வளர்ப்போரிடம் வருடத்துக்குச் சுமார் 84 லட்சம் நியூசிலாந்து டாலர் வசூலிக்க 2003ல் அரசு திட்டமிட்டது.

உடனே அதற்கு 'குசு வரி' என்று பெயர் விழுந்தது. விவசாயிகள் கொதித்தார்கள். 2003 செப்டம்பரில் ஷேன் ஆர்டெர்ன் என்ற எம்.பி. ஒரு பழைய டிராக்டரை நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றினார். அடுத்த மாதமே அரசு பின்வாங்கியது. ஆராய்ச்சிக்குத் தாங்களே பணம் தருவதாக விவசாயத் துறையினர் ஒப்புக்கொண்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2022ல் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் (அதே குடும்பப்பெயர்!) அரசு, ஏப்பத்துக்கு விலை வைக்கும் திட்டத்தை மீண்டும் கொண்டு வந்தது. மறுபடி டிராக்டர்கள் தெருவுக்கு வந்தன. ஆட்சி மாறியதும், 2024ல் புதிய அரசு விவசாயத்தை உமிழ்வு வர்த்தகத் திட்டத்திலிருந்து விலக்கியது. அதே ஆண்டு டென்மார்க் வேறு வழியில் போனது. 2030 முதல் கால்நடை வாயுவுக்கு வரி விதிக்க அங்கே அரசும் விவசாய அமைப்புகளும் பேசி உடன்பாட்டுக்கு வந்தன.

வணிகவியல் படிக்கும் எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. ஒருவர் தொழிலால் வரும் செலவை வேறொருவர் சுமப்பதைப் 'புறவிளைவு' என்று படிக்கிறோம். அந்தச் செலவை உண்டாக்கியவரே ஏற்க வேண்டும் என்பது பாடப்புத்தகம் சொல்லும் நியாயம். ஆனால் விவசாயி கேட்பதும் நியாயம்தான். பால், இறைச்சி விலையை நிர்ணயிப்பது உலகச் சந்தை. கூடுதல் செலவை அவர் யார் தலையில் கட்டுவார்? தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு வடிகட்டி போடலாம், மாட்டின் வாய்க்குப் போட முடியுமா?

அந்த வழியைத் தேடத்தான் 2003ல் பணம் கேட்டார்கள். கேலிப் பெயர் முந்திக்கொண்டது. மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்ததே 2022ல்தான். இடையில் கிட்டத்தட்ட இருபது வருடங்களைக் காலம் ஏப்பம் விட்டுவிட்டது!

இந்தச் செலவை யார் ஏற்க வேண்டும்? விவசாயியா, அரசா, இல்லை பால் குடிக்கும் நாமா? நீங்களே சொல்லுங்கள்.