அணாவில் அளந்த விளைச்சல்

ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லா ஏரிக்கரையில் சுட்ட மக்காச்சோளமும் காந்தா பஜியும் சாப்பிடாத புனே தமிழ்க் குடும்பம் இருக்காது. அந்த ஏரியின் பழைய பெயர் லேக் ஃபைஃப். ஃபைஃப் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் திட்டமிட்டு, 1879 வாக்கில் முடிந்த அணை. நகரத்துக்குக் குடிநீர், மழை பொய்க்கும் கிழக்குப் பக்கத்துக்கு முட்டா கால்வாய்ப் பாசனம். (1961-ல் பான்ஷெத் அணை உடைந்து இதையும் உடைத்த கதை தனிப் பதிவுக்கு உரியது.)

சரி, கால்வாய் எட்டாத விவசாயிக்கு விளைச்சல் போனால் அரசாங்கம் என்ன கொடுத்தது?

முதலில் கூலி. தாது வருஷப் பஞ்சம் நம்மூரில் பாட்டிமார் சொல்லிக் கேட்டதுதான்; சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு துண்டு அப்போது வெட்டியது. அதே 1876-78 பஞ்சம் இங்கேயும். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ரிச்சர்ட் டெம்பிள் வைத்த தினக்கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும். அதாவது அரைக் கிலோ கூடத் தேறாது, அதுவும் நாள் முழுக்கக் கல் உடைத்தால்! பூனா சார்வஜனிக் சபா எதிர்த்து எழுதியது. 1877 தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்தில் பசியோடு இருந்தவர்களே வேலையை விட்டு வெளியேறினார்கள்.

அடுத்தது கடன். 1875 மே மாதம் இதே ஜில்லாவின் சூபாவில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் பத்திரங்களைக் கொளுத்தியிருந்தார்கள். பிறகு 1883, 1884 சட்டங்கள் வந்தன. கிணறு வெட்ட ஒன்று, விதையும் மாடும் வாங்க ஒன்று. தக்காவி என்பார்கள். கட்டாவிட்டால் நிலவரி பாக்கி மாதிரியே வசூல்.

மூன்றாவது, வரியைத் தள்ளிவைப்பது. இங்கேதான் ஆனேவாரி வருகிறது. முழு விளைச்சல் 16 அணா. 4 அணாவுக்கு மேல் போகவில்லை என்றால் அந்த வருஷ வரி முழுக்க நிறுத்திவைக்கப்படும். ஆனால் எத்தனை அணா என்று சொல்வது யார்? 1918-ல் குஜராத்தின் கேடா ஜில்லாவில் சண்டையே இதற்குத்தான். விவசாயிகள் நாலுக்குக் கீழே என்றார்கள், அதிகாரிகள் மேலே என்றார்கள், காந்தி சத்தியாகிரகம் தொடங்கினார். கடைசியில் வசதியில்லாதவர்களிடம் வசூலிப்பதை விட்டார்கள். இன்னொன்று, ஆனேவாரி ஊருக்கு ஒரே எண். உங்கள் வயல் கருகி, பக்கத்து வயல்கள் பிழைத்திருந்தால் உங்கள் கதி அவ்வளவுதான்.

மகாராஷ்டிராவில் அணா போய்ப் பைசேவாரி வந்தது, 50 பைசா எல்லை. கூலி, கடனோடு இழப்பீடும் வந்தது. 33 சதவீதம் பயிர் போனால் உண்டு என்பது 2015 முதல். அதற்கு முன் 50. 2022-26 மத்திய விதிப்படி மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000, அதிகபட்சம் 2 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் மானாவாரிக்குச் சுமார் 3,400. உழவுக்கும் விதைக்கும் கட்டுமா என்று ஊரில் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள்.

2018-ல் கஜா புயலுக்குத் தமிழ்நாடு அரசு விழுந்த தென்னைக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அறிவித்தது. மறுநடவு செய்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷம். இங்கே சாத்-பாரா, அங்கே பட்டா. பணம் பெரும்பாலும் காகிதத்தில் பெயர் உள்ளவருக்கே போகிறது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து விதைத்தவர் பெயர் அதில் இருப்பதில்லை.