தாவணியும் அரங்கமும்

ஆடியை ஒட்டி எங்கள் வீட்டில் இரண்டு பயணம் உண்டு. ஒன்றுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்கிக்கொண்டு போவோம். இன்னொன்றுக்குக் கைவீசிக்கொண்டு போய், பசித்த இடத்தில் வாங்கித் தின்போம். முதலாவது, ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவோடு கூடும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும். இரண்டாவது, கோவை கொடிசியா வளாகத்தில் ஜூலையில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சி. நாட்காட்டியில் இரண்டுக்கும் இடையே சில வாரங்கள்தான். இரண்டிலும் கூடுகிறவர்கள் பெரும்பாலும் கொங்கு நாட்டுத் தோட்டக்காரர்கள், காட்டுக்காரர்கள். சில முகங்களை நானே இரண்டு இடத்திலும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஆள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அந்தியூரில் விவசாயி காட்டுகிறார். கோவையில் விவசாயிக்குக் காட்டுகிறார்கள். நெடுநாளாக எனக்குப் பட்ட வேறுபாடு இதுதான். போன முறை அது கொஞ்சம் ஆட்டம் கண்டது; அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தியூருக்கு வாசல் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் சாணி வாசம் வரும், சந்தைக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். மாட்டுத்தாவணி என்றால் இன்றைக்குப் பலருக்கு மதுரைப் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீளக் கயிறு தாவணி. கயிற்றின் பெயர் சந்தைக்கு ஆகி, சந்தையின் பெயர் பேருந்து நிலையத்துக்கு ஆகிவிட்டது. அந்தியூரில் அந்தச் சொல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு வரிசை காங்கேயம். அடுத்து பர்கூர் மலையிலிருந்து இறங்கிய, சிவப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட மாடுகள். அந்தப் பக்கம் ஆடு, சேவல், புறா. கோவையில் வாசல் உண்டு, பதிவு உண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை உண்டு. எத்தனை ஏக்கர், என்ன வெள்ளாமை, கைபேசி எண் என்ன என்று கடைக்குக் கடை கேட்பார்கள். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் பற்றிய அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டும் இப்படி ஆனதற்குக் காரணம் ஊரில் இருக்கிறது. அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறிக் கொள்ளேகால் வழியாக மைசூர் நாட்டுக்குப் போகும் பாதை பழையது. திப்பு சுல்தான் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். சான்று இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பாதையைப் பார்த்தால் நம்பத் தோன்றும். மலை மாடும் சமவெளி மாடும் சந்திக்கிற அடிவாரத்தில் சாமிக்குத் தேர் எடுத்தால் சந்தை தானாகக் கூடும். கோவையின் கதை வேறு. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. மின்சாரத்தோடு பஞ்சாலைகள் பெருகின, மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அந்தப் பட்டறைக்காரர்கள் 1969இல் தொடங்கிய மாவட்டச் சிறுதொழில் சங்கம்தான் கொடிசியா. எனவே அங்கே நடக்கும் விவசாயக் கண்காட்சி செய்கிறவர்களின் கண்காட்சியாக இருப்பதில் வியப்பில்லை. 1906இலிருந்து வேளாண் கல்லூரி இருந்த ஊர், 1971இல் அது பல்கலைக்கழகமும் ஆனது. ஆகவே விதைக்கும் அங்கே குறைவில்லை.

இரண்டு இடத்தையும் இணைக்கும் கண்ணி அந்தப் பம்புதான். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கவலை இறைத்ததை மாமா சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறார். ஒரு ஜோடிக் காளை சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து சால் மேலே வரும், பின்னோக்கி ஏறினால் சால் கீழே போகும். விடிகாலையிலிருந்து வெயில் ஏறும்வரை அதே வேலை. காங்கேயம் காளை என்ற உருப்படியே உழவுக்கும் வண்டிக்கும் கவலைக்குமாகப் பொறுக்கி வளர்த்ததுதான், பாலுக்காக அல்ல. பம்புசெட் வந்து கவலையை நிறுத்தியது. டிராக்டர் வந்து ஏரை நிறுத்தியது. கோவையில் செய்தது அந்தியூரில் கட்டியிருந்ததன் வேலையைப் பறித்தது என்றுகூடச் சொல்லலாம். மாமா இதைப் பெரிய துக்கமாகச் சொல்வதில்லை. “மாட்டுக்கும் மனுசனுக்கும் இடுப்பு மிச்சமாச்சு” என்பார். அவர் அப்படித்தான்.

வேலை போன மாடு ஏன் இன்னும் சந்தைக்கு வருகிறது? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு என்ற பேச்சுக்கு நகரத்திலும் மதிப்பு வந்தது; காளை வைத்திருப்பது பெருமை ஆனது. குதிரைக்கோ எப்போதுமே பெருமைதான் வேலை. அந்தியூருக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் காதுகளைக் கிட்ட நின்று பாருங்கள். இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்கும். மேளம் அடித்தால் முன்னங்கால் தூக்கி ஆடும் குதிரையைச் சுற்றித்தான் பெருங்கூட்டம். விலை கேட்டால் லட்சத்தில் சொல்வார்கள். பாதிப்பேர், “விக்கறதுக்கு இல்லீங்க, சும்மா ஓட்டிட்டு வந்தோம்” என்பார்கள். வாடகைக்கு லாரி பிடித்து, தீவனம் ஏற்றி, ஆள் வைத்து, விற்காத குதிரையைச் சும்மா ஓட்டி வருகிறவரைக் கோவை அரங்கத்தில் கற்பனை செய்ய முடியாது. அங்கே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வாடகை. நிற்கிற எல்லாமே விற்க நிற்கிறது.

இனிக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம்.

அந்தியூரில் மாமா ஒரு கிடாரியின் தாடையைப் பிடித்து உதட்டை விலக்கினார். கீழ்வரிசையில் நாலு பல் பெரிதாக, அகலமாக, ஓரத்தில் பால்பல். “நாலு பல்லு” என்றார். மாட்டுக்காரர் தலையாட்டினார். மூன்று வயதுக்கு அப்படி இப்படி என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. பிறகு முதுகில் சுழி பார்த்தார். நெற்றிச் சுழி, முதுகுச் சுழி என்று அதற்கு ஒரு சாத்திரமே இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் விலை பேசும்போது நம்பாதவரும் சுழியைச் சொல்லித்தான் ஆயிரம் குறைக்கிறார். அப்புறம் தரகர் வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மாமாவின் கைமேல் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்தார். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, விரல் விலை பேசிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற இருபது பேருக்கும் ஒன்றும் தெரியாது. மூன்று முறை துண்டு விலகி மீண்டும் மூடியது. முடிந்தபோது மாட்டுக்காரர் கழுத்துத் தும்பை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் மாட்டைக் கொடுப்பார்கள், தும்பைக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் சந்தையில் கயிற்றுக்கடைக்கு எப்போதும் ஆள் இருக்கும்.

பக்கத்தில் ஒரு கன்று. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் சாம்பல். என் மகள் அதன் சொந்தக்காரரிடம், “இது செவலைங்களா, மயிலைங்களா?” என்று கேட்டாள்.

“இப்பச் செவலை கண்ணு. தீவாளிக்கு வந்து பாரு, மயிலை ஆயிரும்.”

காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் போல நிறம் மாறும். பாடப்புத்தகத்தில் அவள் இதைப் படித்திருக்க முடியாது. கேட்ட கேள்விக்கு அந்தக் கன்றை வளர்த்தவரே பதில் சொன்னார். முதலில் சொன்ன வேறுபாட்டுக்கு இதுதான் நான் வழக்கமாகக் கொடுக்கும் சாட்சி.

கோவையில் அவளுக்கு டிராக்டர்மேல் ஏறி உட்கார முடிந்தது, அது அந்தியூரில் இல்லாத சுகம். மருந்து தெளிக்கும் ட்ரோனைப் பார்த்தாள். பத்து லிட்டர் தொட்டி, ஏக்கருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது என்றார் விளக்கியவர். தேங்காய் உரிக்கும் இயந்திரத்தில் காய் உள்ளே போய் மட்டை தனியாக வந்தபோது கைதட்டினாள். கடைக்குக் கடை கொடுத்த துணிப்பைகளைச் சேர்த்து ஒரு பைக்குள் திணித்துக்கொண்டாள். இவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எந்த ஊர்க் கண்காட்சியிலும் இதுதான். சொல்ல வேண்டியது, சொட்டுநீர்க் கடைகளில் நின்ற வரிசை. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று என்று காகிதக் கட்டோடு வந்து நிற்கிறார்கள். அந்தியூரில் யாரும் காகிதம் கொண்டு வருவதில்லை, மடியில் பணம் இருந்தால் போதும்.

புல்லை வைத்தும் இரண்டையும் அளக்கலாம். காங்கேயம் மாடு வளர்ந்தது கொறங்காட்டில். மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலி போட்டு அடைத்து, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் விட்டுவிட்டால் அது மேய்ச்சல் காடு. மழை பெய்தால் புல், இல்லையென்றால் வேலங்காய். மாடு நடந்து போய் மேய வேண்டும். கோவை அரங்கத்தில் தீவனம் என்றால் கோ-4, கோ-5. கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து வேளாண் பல்கலைக்கழகம் எடுத்த ஒட்டுப்புல். ‘கோ’ என்பது கோயம்புத்தூர். கரணை நட்டு, தண்ணீர் கட்டினால் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அறுத்துக் கொண்டுவந்து கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்குப் போட வேண்டும். முதல் புல் நாட்டு மாட்டுக்கு, இரண்டாவது ஜெர்சிக் கலப்புக்கு என்று சொல்லிவிடலாம். ஒன்றுக்கு நிலம் நிறைய வேண்டும், தண்ணீர் வேண்டாம். மற்றதற்கு நிலம் கொஞ்சம் போதும், தண்ணீர் வேண்டும். எங்களிடம் இருப்பது மூன்று ஏக்கரும் ஆழ்துளைக் கிணறும். ஆகவே எந்தப் புல் எங்கள் வரப்பில் நிற்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. காங்கேயம் கிடாரியை ஆசைக்கு வாங்கினோம். குடும்பம் ஓடுவது கலப்பு மாட்டுப் பாலில்.

அந்தப் பாலைக் கறக்கிறவர் அத்தை. என் கணக்கு ஆட்டம் கண்டது அவரால்தான்.

கோவையில் பால் கறக்கும் இயந்திரக் கடையில் ஓர் இளைஞர் மனப்பாடமாக விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏனுங் கண்ணு, நாலு காம்பும் ஒரே மாதிரி கறக்காதே? ஒரு காம்பு முன்னாடியே வத்திரும். அப்பவும் இது இழுத்துட்டேதான் இருக்குமா?” என்றார். அந்தப் பையன் சிரித்தார், துண்டுத்தாளைப் புரட்டினார், பிறகு உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கேள்வியைக் கேட்டதும் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்தார். பால் நின்ற காம்பில் இழுப்பு தொடர்ந்தால் காம்பு புண்ணாகும், மடிநோய்க்கு வழியாகும். வற்றிய காம்பின் குடுவையை மட்டும் அடைத்துக் கழற்ற வேண்டும் என்று கழற்றிக் காட்டினார். அத்தை விடவில்லை. மின்சாரம் போனால் என்ன செய்வது, ரப்பர் எத்தனை மாதம் வரும், சுடுதண்ணீரில் கழுவலாமா என்று வரிசையாகக் கேட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்று கவனித்தார்கள். ஒருவர் தன் வீட்டு மாட்டின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம் அந்தக் கடையை நடத்தியது விற்க வந்தவர்கள் இல்லை.

அதே அத்தை அந்தியூரில் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தேன். கிடாரியைத் தூரத்திலிருந்தே பார்த்து, என் காதில், “அந்தக் கடைசிக் கிடாரிதான். காம்பு விலகி நிக்குது, தாய் நல்லாக் கறந்திருக்கும்” என்றார். நான் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் மாமாவிடம் சொல்ல, மாமா போய்ப் பல் பார்த்தார். துண்டுக்குள் விரல் பிடிபட்ட நேரத்தில் அத்தை வளையல் கடையில் என் மகளுக்குக் கை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்று வரிசைக்குள் பெண்கள் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, போவதில்லை, அவ்வளவுதான். கோயில், பொரிகடலை, வளையல், ராட்டினம் என்று பெண்களின் பாதை தனியாக ஓடுகிறது. கூலிங்ஷீட் போட்ட அந்த அரங்கத்தை, ஒலிபெருக்கியை, அதட்டலான விலையை நான் எவ்வளவு குறை சொன்னாலும், அத்தைக்கு நாற்காலி போட்டது அந்த இடம்தான். தாவணியின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள், நானும் சேர்த்தி, இதை விட்டுவிட்டு எழுதுகிறோம்.

இயந்திரம் வாங்கவில்லை. இரண்டு மாட்டுக்கு அந்தச் செலவு கட்டாது என்று அத்தையே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். கோ-5 கரணையும், மாடித்தோட்டத்துக்கென்று மகள் பொறுக்கிய விதைப் பொட்டலங்களும்தான் வந்தன.

இந்த ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் விடட்டும் என்று சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். திருவிழா புதன்கிழமையே தொடங்கிவிடும், நல்ல உருப்படிகள் முன்னாலேயே வண்டி ஏறிவிடும். மாடு வாங்குகிற யோசனை இருந்தால், வீட்டில் கறக்கிறவர் யாரோ அவரையும் கயிற்று வரிசைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். வளையல் கடை இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும்.