கண்ணாடி வீட்டுக் கமேலியாவும் மலைநாட்டுத் தேயிலையும்

கமேலியா என்ற பெயரை இலக்கிய வாசகர்களிற் பலர் அறிந்திருப்பது ஒரு பூஞ்செடியின் பெயராக அன்று, ஒரு கதையின் பெயராகவே. அலெக்சாந்தர் டூமா (இளையவர்) 1848இல் வெளியிட்ட 'கமேலியாச் சீமாட்டி' என்னும் பிரெஞ்சு நாவல் 1852இல் நாடகமாயிற்று. அடுத்த ஆண்டே வெர்டியின் இசையில் 'லா திராவியாத்தா' என்ற ஓப்பராவாக வெனிஸ் நகரில் மேடையேறியது. அக்கதையின் நாயகி மாதத்தில் இருபத்தைந்து நாட்கள் வெள்ளைக் கமேலியாவையும் எஞ்சிய ஐந்து நாட்கள் சிவப்புக் கமேலியாவையும் கையில் ஏந்தி நாடக அரங்குகளுக்கு வருவாள். பாரிஸில் அன்று கமேலியா விலையுயர்ந்த குளிர்காலப் பூ. டூமா எடுத்தாண்டது பூவின் அழகை மாத்திரமன்று, அதன் விலையையுந்தான்.

என்றும் இலையுதிராது பசுமையாக நிற்கும் செடி இது. இலை தடித்தது, எண்ணெய் பூசியது போன்று மினுங்குவது. பூவிற் பெரும்பாலும் மணமில்லை. யப்பானும் சீனாவும் கொரியாவும் இதன் தாயகங்கள். இதே கமேலியா இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியை நம் நாட்டிற் பல்லாயிரம் பேர் நாள்தோறும் தொட்டு வேலை செய்கின்றனர். அதுதான் தேயிலை.

இவ்வுறவைத் தாவரவியலாளர் ஏற்றுக்கொள்ள நெடுங்காலஞ் சென்றது. கிழக்கிந்தியாவுக்கான ஒல்லாந்தர் கம்பனியின் வைத்தியராக 1690இல் யப்பானுக்குச் சென்ற ஜேர்மானியர் எங்கல்பேர்ட் கெம்ப்பர், 1712இல் வெளியிட்ட நூலொன்றில் தேயிலையையும் யப்பானியர் 'த்சுபாக்கி' என வழங்கும் கமேலியாவையும் விவரித்தார். சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் வெவ்வேறு இனங்களில் வைத்தார். கமேலியா என்ற பெயரை அவர் கமேல் என்பவரின் நினைவாக இட்டார். யோசுவா கமேல் அல்ல, ஜோர்ஜ் யோசப் கமேல். 1661இல் பேர்ணோ நகரிற் பிறந்து மணிலாவில் மருந்தகம் நடத்திய யேசு சபைத் துறவி. பிலிப்பைன்ஸ் மூலிகைகளை ஆராய்ந்து 1706இல் மறைந்த அவருக்கும் இந்தப் பூவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1887இல் ஒட்டோ குன்ட்சே தேயிலையைக் கமேலியா இனத்திற் சேர்த்து எழுதினார். இன்று தேயிலையின் தாவரவியற் பெயர் 'கமேலியா சினென்சிஸ்' என்பதே.

யப்பானிற் கமேலியா முதலில் பயன்தரும் செடி. அதன் விதையிலிருந்து பிழியும் எண்ணெயைப் பெண்கள் கூந்தலுக்குப் பூசினர், இன்றும் பூசுகின்றனர். தேநீர்ச் சடங்கு நடைபெறும் அறையிற் குளிர்காலத்தில் வைக்கப்படும் பூவும் இதுவே. ஒரு சகோதரியின் இலை கிண்ணத்தில், மற்றவளின் பூ சுவரோரத்தில். 1605இல் ஷோகுன் பதவியேற்ற தொக்குகாவா ஹிடெடாடா கமேலியாப் பிரியர். பிரபுக்களும் புது வகைகளைத் தேடித் தேடி வளர்க்கலாயினர். நூறு வகைக் கமேலியாக்களைத் தீட்டிய பதினேழாம் நூற்றாண்டு ஓவியச் சுருளொன்று தோக்கியோவின் நெசு அரும்பொருளகத்தில் உள்ளது.

கமேலியா இதழிதழாக உதிர்வதில்லை. முழுப் பூவாகக் கழன்று விழும். வெட்டுண்ட தலையை அது நினைவூட்டுவதால் சாமுராய் வீரர்கள் இதை வெறுத்தனர் என்று ஒரு கதை உண்டு. கேட்பதற்கு நன்றாயிருக்கிறதேயன்றி நம்புதற்குரியதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் குமமோத்தோவின் 'ஹிகோ' கமேலியாக்களைப் பெருக்கிப் பேணியவர்கள் சாமுராய் குடும்பத்தினரே.

ஐரோப்பாவில் இச்செடி வளர்ந்த வரலாறு ஒரு மிகையான பரிவுடன் தொடங்குகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் தோர்ண்டன் மாளிகையில் வாழ்ந்த பெட்ரே பிரபு, 1739 அளவிற் கமேலியாவைப் பூக்கச் செய்தார். கீழைத்தேயத்துச் செடியாதலின் வெப்பம் வேண்டுமென்று எண்ணி, அடுப்பு மூட்டிச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வைத்தார்களாம். செடிகள் மடிந்தன. பெட்ரே பிரபுவும் 1742இல் இருபத்தொன்பது வயதிற் காலமானார். யப்பானின் மலைச்சாரலிற் பனிக்கு நடுவே பூக்கும் செடியைச் சூட்டினாற் கொன்ற இந்தத் தவறு, நூறாண்டுகளுக்கு மேலாக வேறு வேறு வடிவங்களில் தொடர்ந்தது எனலாம்.

கமேலியாவை இலண்டனுக்குக் கொண்டுவந்தவை தேயிலைக் கப்பல்கள். 1792இல் வந்திறங்கிய அடுக்கு வெள்ளைக் கமேலியா செல்வர்களை மயக்கியது. அதை ஏற்றிவந்த கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலின் பெயர் 'கர்நாட்டிக்'. ஆற்காட்டு நவாபின் தமிழ் மண்ணுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அது. தேயிலைச் செடி கேட்ட வெள்ளையருக்குச் சீன வணிகர் கமேலியாவைக் கொடுத்து ஏய்த்தனர் என்றும் சொல்வார்கள். இதற்கும் ஆதாரம் தேட வேண்டியதில்லை. தோற்றவனை விட ஏமாந்தவனைப் பற்றிய கதையே சுவையாயிருக்கும்.

இலண்டனுக்கு மேற்கே சிசிக் மாளிகையில் 1813இல் முந்நூறு அடி நீளமான கண்ணாடி வீடொன்று எழுந்தது. 1828 முதல் அங்கே கமேலியாக்கள் குடியேறின. அக்காலத்துச் செடிகள் சில இன்றும் அங்கு பூக்கின்றன. கமேலியாவுக்குக் கண்ணாடி வீடே தேவையில்லை என்பது பரவலாகத் தெரியவந்தது பின்னர்தான். கோர்ண்வாலில் ஜே. சி. வில்லியம்ஸ், சீனத்து யுன்னானிலிருந்து வந்த கமேலியா வகையொன்றை யப்பானிய வகையுடன் இணைத்து, 1920களில் வெட்டவெளியிலேயே தாராளமாகப் பூக்கும் கலப்பினத்தை உருவாக்கினார்.

அதன் வளர்ப்பு முறை இத்தனைக்கும் எளியது. மண்ணிற் புளிப்புத்தன்மை வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இலை வெளிறிப்போகும். வேர்கள் மேலோட்டமாகப் படர்வதால் ஆழ நடலாகாது, அடியைக் கொத்தலுமாகாது. உக்கிய இலைகளைப் பரப்பி வேரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது போதும். அரை நிழல் நல்லது. உறைபனி பிடித்த மொட்டின்மேல் காலை வெயில் சுள்ளென்று பட்டால் இதழ் கருகும். ஆகவே கிழக்குப் பார்த்த சுவரோரம் தவிர்க்கப்படும். அடுத்த குளிர்காலத்துப் பூவுக்கான மொட்டுகள் கோடையின் பிற்பகுதியிலேயே கட்டுகின்றன. அவ்வேளை தண்ணீர் காட்டாதவன் மாதங்கள் கழித்து மொட்டுகள் விரியாமலே உதிர்வதைக் காண்பான். வெட்டுவதானால் பூத்து முடிந்த கையோடு, அதுவும் மெல்ல, வெட்டவேண்டும். சகல முயற்சியும் பூவுக்காகவே.

இனிச் சகோதரியிடம் வருவோம். புளிப்பு மண், மழை, குளிர்ச்சி, இடையிடையே மர நிழல் என்று தேயிலை கேட்பவையும் ஏறத்தாழ இவைதான். ஒரு கணுவும் ஓர் இலையும் கொண்ட சிறு தண்டிலிருந்து புதுச்செடி எடுக்கும் முறையும் இரண்டுக்கும் பொது. விட்டுவிட்டாற் சிறு மரமாய் வளர்ந்து, மஞ்சள் மகரந்தக் கேசரங்களுடன் வெள்ளைப் பூப் பூக்கும். ஆனாற் பூப்பதற்கு அதை விடுவதில்லை. இடுப்பளவு மட்டத்தில் நிறுத்தி, வாரத்துக்கொரு முறை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளப்படும். அந்த மொட்டும் பூமொட்டன்று, இலைமொட்டு. பூவுக்குச் செல்லும் சத்து கொழுந்துக்கு நட்டம் என்பது தோட்டத்துக் கணக்கு.

இந்தச் செடி 1839இற் கல்கத்தாத் தாவரப் பூங்காவிலிருந்து விதையாகப் பேராதனைக்கு வந்தது. முதலில் அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை; அது கோப்பிக் காலம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலையிற் படர்ந்த நோய், சில ஆண்டுகளுள் கோப்பியை வீழ்த்திற்று. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களின் பின் வந்தவர்களும் தேயிலையின் கைகளாயினர்.

அந்தக் கைகளின் அறிவு எத்தகையது என்பதைக் கவ்வாத்து வேலையிற் காணலாம். உயரத்துக்கும் காலநிலைக்கும் ஏற்ப மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கொரு தடவை செடியின் தலை முழுவதும் வெட்டப்படும். வெட்டியபின் இலையே இராது. வேரிற் சேர்த்துவைத்த மாப்பொருளைக் கொண்டே செடி மீண்டும் துளிர்க்க வேண்டும். ஆகவே வரட்சியில் வெட்டினால், அல்லது நலிந்திருக்கும்போது வெட்டினால், செடி பட்டுப்போகும். வெப்பம் மிகுந்த தாழ்ந்த பகுதிகளிற் சில கிளைகளை வெட்டாது விட்டு, செடி மூச்சு விட இடம்வைப்பர். கத்தி ஒரே வீச்சிற் சாய்வாக இறங்கவேண்டும்; பிளந்த காயத்தில் நீர் தங்கினால் மரம் உள்ளே உளுத்துவிடும். சரிந்த மலையில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான செடிகளை இவ்வாறு வெட்டுபவரை எவரும் தோட்டக்கலை வல்லுநர் என்று சொல்லியதில்லை. கோர்ண்வாலில் ஒரு கமேலியாவைக் கலப்பினமாக்கியவரின் பெயர் அந்தச் செடியிலேயே நிலைத்திருக்கிறது.

செடி விரைவாகவே இலங்கைச் செடியாகிவிட்டது. அதை வளர்த்த மக்களின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பின்னர் 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அவர்களைப் பங்கிட்டு ஒப்பந்தஞ் செய்தனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

இலக்கியத்திலும் இந்த வேறுபாட்டை அவதானிக்கலாம். கமேலியாவுக்கு டூமாவும் வெர்டியும் வாய்த்தனர். தேயிலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை வாய்த்தார். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டுச் சட்டத்தின் விளைவுகளைக் கண்முன்னே கண்ட அவர், 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நெடும்பாடலை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ பாலஐயாவின் தமிழாக்கம் அதைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தது. கமேலியாக் கதையிற் பூவைக் கையில் ஏந்தியவளை நாம் அறிகிறோம். அதைக் கண்ணாடி வீட்டில் வளர்த்தவன் யாரென்று அறியோம். வேலுப்பிள்ளையிடம் செடியை வளர்த்தவர்களே முன்னால் நிற்கின்றனர்.

முன்னர் விதைக்கென ஒதுக்கிய சில மலைகளில் தேயிலை மரமாக வளர விடப்பட்டுப் பூத்துக் காய்த்தது. தண்டிலிருந்து செடி எடுக்கும் முறை பரவியபின் அந்த விதைத் தோட்டங்களுக்கும் தேவை குறைந்தது. இன்று கவ்வாத்துப் பிந்திய மலைகளிலும், கைவிடப்பட்ட ஓரங்களிலுந்தான் அந்த வெள்ளைப் பூவைக் காணலாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் அதைக் கண்டால், இந்த மலைக்குக் கத்தி வர நாளாயிற்று என்பார்கள்.